ஸுரத் எந்தப் பறவை?
புதுவையின் பறவைப் பருவங்களும் அறிவிப்பாளர் வரிசையும்

அபூதாவூத் நூலில் இடம்பெறும் நபிமொழி ஒன்று நான்கு உயிரினங்களைக் கொல்வதைத் தடை செய்கிறது. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் என்பன அவை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இவ்வறிவிப்பை நாம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் ஓதிக் கொடுத்து வருகிறோம். முதல் மூன்றில் மாணவர்க்குச் சிக்கல் எழுவதில்லை. எறும்பையும் தேனீயையும் எல்லாரும் அறிவர். ஹுத்ஹுத் என்பது ஸுலைமான் (அலை) அவர்களிடம் ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த பறவை. தமிழில் அது கொண்டலாத்தி. நான்காவதான ஸுரத் வரும்போது மட்டும் "ஒரு வகைப் பறவை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வது நம் வழக்கமாக இருந்தது. நம் ஆசிரியரும் நமக்கு அவ்வாறே சொல்லித் தந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன், பாகூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "எந்த வகைப் பறவை, ஹஜ்ரத்?" என்று கேட்டார். நாம் தயங்கினோம். "கொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. எதைக் கொல்லக் கூடாது என்று தெரியாமல் அதை எப்படிப் பேணுவது, ஹஜ்ரத்?" என்று அவர் தொடர்ந்தார். கேள்வியில் குறும்பு ஏதும் இல்லை. வயல்வெளியில் வளர்ந்த பிள்ளை. பறவைகளைப் பெயரோடு அறிந்தவர். நாளை சொல்கிறோம் என்று கூறி அன்றைய பாடத்தை முடித்துக்கொண்டோம். அந்த நாளை வந்து சேரப் பல திங்கள் ஆயிற்று. இக்கட்டுரை அக்கேள்வியைப் பின்தொடர்ந்து நாம் சென்ற வழியின் கதை.

முதலில் நூலகத்தில் தேடினோம். மிஸ்ர் நாட்டு அறிஞர் கமாலுத்தீன் தமீரி (இறப்பு ஹி. 808 / கி.பி. 1405) இயற்றிய 'ஹயாத்துல் ஹயவான்' நம் மதரஸா நூலகங்களுக்குப் புதியதன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளில் விலங்கு, பறவை, பூச்சி இனங்களை அரபு அகர வரிசையில் அடுக்கியுள்ள நூல் அது. ஒவ்வொரு தலைப்பிலும் சொல்லின் பொருள், உயிரினத்தின் இயல்பு, அது குறித்த நபிமொழிகள், உண்ணலாமா கூடாதா என்னும் சட்டம், பழமொழி, மருத்துவப் பயன், கனவுப் பலன் என்று செய்திகள் தொடரும். ஸுரத் என்ற தலைப்பில் தமீரி தரும் அடையாளங்கள் தெளிவானவை: சிட்டுக்குருவியை விடப் பெரியது, தலை பெருத்தது, உடல் பாதி வெண்மை, பாதி கருமை, அலகும் நகமும் வலியவை, மரங்களில் இருந்து சிறு பறவைகளை வேட்டையாடுவது.

மறுநாள் இவ்வடையாளங்களைப் படித்துக் காட்டியதும் அம்மாணவர் முகம் மலர்ந்தது. "இது கீச்சான், ஹஜ்ரத்" என்றார். வேலியோர முள்ளில் பூச்சியையும் ஓணான் குஞ்சையும் குத்தி வைத்துத் தின்னும் பறவை என்று விளக்கமும் தந்தார். ஆயினும் எங்கள் ஊர்ப் பக்கம் வருவது கறுப்பு வெள்ளை இல்லை, பழுப்பு நிறம். அதுவும் ஆண்டு முழுதும் இருப்பதில்லை, மழைக்கு முன் வந்து வெயில் ஏறுமுன் போய்விடும் என்றும் சொன்னார். தமீரி கண்டது அரபு நாட்டுக் கீச்சான். அவர் கண்டது பழுப்புக் கீச்சான். இரண்டும் ஒரே குடும்பம். ஆக, நாம் "ஒரு வகைப் பறவை" என்று கடந்துபோன ஒன்றை வகுப்பின் பின்வரிசையில் இருந்த ஒருவர் கண்ணால் கண்டு வைத்திருந்தார்.

வந்து போகும் என்று அவர் சொன்னதற்கு அரபு மொழியில் நேரான கலைச்சொல் உண்டு. கோடையும் குளிரும் ஒரே நிலத்தில் தங்கும் பறவைகளை அகராதியாசிரியர்கள் 'அவாபித்' என்பர். பருவத்தில் வந்து பருவத்தில் நீங்குவனவற்றை 'கவாத்திஉ' என்பர். 'கத்அ' என்னும் வேர் துண்டித்தலையும் கடத்தலையும் குறிக்கும். நிலங்களைக் குறுக்கே கடந்து வருவதால் இப்பெயர். பஸ்ராவின் ஜாஹிழ் (இறப்பு ஹி. 255 / கி.பி. 869) இச்சொல்லைப் பறவையோடு மீனுக்கும் ஆள்கிறார். குறித்த திங்களில் கடலிலிருந்து பஸ்ராவின் ஆற்று நீருக்குள் கூட்டமாக ஏறி வரும் மீன்களைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதி, மீனவர் வாயிலாகக் கேட்டதும் தாம் பார்த்ததும் கலந்த பகுதியாகும். தூதுப் புறாக்களைப் பற்றி அவர் விரிவாக எழுதுகிறார். தொலைவான ஊர்களிலிருந்து பறக்கவிடப்பட்டு வீடு திரும்பும் புறாக்களுக்கு மனிதர்க்குப் போலவே வமிசாவளி எழுதி வைத்திருந்தனர் என்பதும் அவர் வழியே தெரிய வருகிறது.

ஜாஹிழிடம் நம்மைக் கவர்வது செய்திகளின் பெருக்கத்தை விட அவருடைய ஐயமே. அரிஸ்டாட்டிலை 'ஸாஹிபுல் மன்திக்' என்று மதிப்புடன் சுட்டுகிறார். அவர் நூலிலிருந்து நிறைய எடுத்தாளுகிறார். ஆனால் சான்றில்லாத செய்தி வரும் இடங்களில் இதைக் கண்டவர் யார் என்று கேட்டு நிற்கிறார். கட்டுக்கதைகளும் அவருடைய நூலில் உண்டு. ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் தமீரிக்கு வரும்போது அந்தக் கேள்வி மங்கிவிடுகிறது. ஸுரதை நன்கு வரைந்த அதே கை, எவரும் காணாத பறவைகளையும் அதே அமைதியோடு எழுதிச் செல்கிறது. நம் இதழ்களில் 'எல்லாவற்றையும் முதலில் கண்டவர் முஸ்லிம்களே' என்று எழுதும் பழக்கம் ஒன்று உள்ளது. இப்பொருளில் அது செல்லாது. பறவைகளின் பருவப் பயணத்தைப் பற்றி அரிஸ்டாட்டிலும் எழுதினார். கொக்குகளின் பயணத்தில் அவர் பெரிதும் சரியாகவே இருந்தார், தகைவிலான்கள் குளிர்காலத்தில் இறகுதிர்த்துப் பொந்துகளில் ஒளிகின்றன என்றபோது தவறினார். ஒவ்வொரு சமூகத்திலும் பார்த்தவரும் இருந்தனர். பார்க்காமல் பெயர்த்தெழுதியவரும் இருந்தனர்.

பார்த்தவர்களின் நூல் ஒன்றை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அரபு மாதங்கள் பிறைக் கணக்கில் செல்வன. ரமளான் கோடையிலும் வரும், குளிரிலும் வரும். பறவையோ கதிரவனின் கணக்கில் வருவது. எனவே விண்மீன்களின் உதயத்தைக் கொண்டு பருவங்களைக் கணிக்கும் 'அன்வா' நூல்கள் அரபியரிடையே தோன்றின. மத்தியதரைக் கடல் நாட்டில் இவ்வகையில் புகழ்பெற்றது, கி.பி. 961-ஆம் ஆண்டைச் சார்ந்ததும் இரண்டாம் ஹகமுக்குக் காணிக்கையாக்கப்பட்டதுமான குர்துபா நாட்காட்டி. வரலாற்றாசிரியர் அரீப் இப்னு ஸஅதும், ரபீஉ இப்னு ஸைத் என்னும் கிறித்தவ ஆயரும் அதனோடு தொடர்புடையவர்கள். நாள்தோறும் எந்த விண்மீன் எழுகிறது, எந்தப் பயிரை விதைப்பது, எந்தக் கனி பழுக்கும் என்பவற்றோடு, எந்தத் திங்களில் எப்பறவை வரும், எது கூடு கட்டும், எது குஞ்சு பொரிக்கும் என்ற குறிப்புகளும் அதில் கலந்துள்ளன. அந்துலூசியாவின் ஓராண்டு நம் கண்முன் உருளுகிறது. அந்நூலின் அரபு மூலம் ஹீப்ரு எழுத்தில் எழுதப்பட்ட பிரதியொன்றில் தப்பிப் பிழைத்தது. 1873-இல் டோசி அதை அச்சேற்றினார். 1961-இல் ஷார்ல் பெல்லா பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் மீண்டும் வெளியிட்டார். ஜாஹிழைப் பற்றியும் பஸ்ராவைப் பற்றியும் ஆராய்ந்த பெல்லாவும் இவரே. முஸ்லிம் ஒருவரும் கிறித்தவர் ஒருவரும் தொகுத்ததை யூதர் எழுத்து காத்து வைத்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுவை பிரெஞ்சியர் கையில் இருந்த காலத்தில் இங்குள்ள பறவைகளை முதன்முதலில் ஐரோப்பிய அறிவுலகுக்கு விரிவாகக் கொண்டு சென்றவர் பியேர் சொன்னெரா (1748–1814). லியோன் நகரில் பிறந்தவர். மொரீசியசிலிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றவர். பின்னர் 1774 முதல் 1781 வரை மேற்கொண்ட பயணங்களை, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் சென்ற பயண நூலாக 1782-இல் பாரிசில் வெளியிட்டார். கோயில்களையும் தொழில்களையும் வரைந்தது போலவே செடிகளையும் பறவைகளையும் அதில் படங்களோடு வருணித்தார். இலத்தீன் பெயர் சூட்டும் முறையை அவர் கைக்கொள்ளவில்லை. 'புதுச்சேரிக் கௌதாரி', 'செஞ்சியின் சிறு காடை' என்றவாறு பிரெஞ்சிலேயே எழுதினார். 1789-இல் கெட்டிங்கன் நகரின் குமெலின், இந்தியாவைக் காணாமலேயே, சொன்னெராவின் வருணனைகளைக் கொண்டு அவற்றுக்கு இலத்தீன் பெயர்களை இட்டார். அவ்வகையில் நம் வயலோரக் கௌதாரிக்குப் 'பாண்டிசெரியானஸ்' என்று பெயர் வாய்த்தது. மரக்கிளைகளில் அமைதியாக அமர்ந்து பூச்சி பிடிக்கும் காட்டுக் கீச்சானுக்கும் அதே பெயர். உலகில் எந்த நாட்டுப் பறவையியலாளர் கௌதாரியைப் பெயர் சொன்னாலும் நம் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். காட்டுக்கோழிக்குச் சொன்னெராவின் பெயரையே 1813-இல் தெம்மிங்க் சூட்டினார்.

ஸுரதைத் தேடிப் போன நமக்குப் புதுவையின் பெயர் தாங்கிய பறவைகளில் ஒன்று கீச்சான் என்ற பெயரோடு எதிர்ப்பட்டது மகிழ்ச்சி தந்தது. உண்மையில் காட்டுக் கீச்சான் கீச்சான் குடும்பத்தைச் சார்ந்ததன்று. தோற்ற ஒப்புமையால் வந்த பெயர். நம் மகிழ்ச்சியையும் இந்த அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

சொன்னெராவை எப்படி எடை போடுவது? ஹதீஸ் கலை படித்தவருக்கு இங்கே ஒரு பழகிய கேள்வி எழும். இந்த ராவி நம்பத் தகுந்தவரா? 1776-இல் அவர் வெளியிட்ட முதல் நூலின் தலைப்பு நியூ கினிப் பயணம் என்பது. அந்நூலில் பெங்குவின்களையும், கூக்கபரா என்னும் பெரிய மீன்கொத்தியையும் நியூ கினித் தீவின் பறவைகளாகக் காட்டினார். பெங்குவின் அத்தீவில் இல்லை. கூக்கபரா ஆஸ்திரேலியாவுக்கு உரியது. சொன்னெரா நியூ கினியையே எட்டவில்லை, அருகிலுள்ள சிறு தீவுகளோடு நின்றுவிட்டார் என்பது பின்வந்த ஆய்வாளர் முடிவு. பிறர் சேகரித்தவை அவர் கைக்கு வந்திருக்க வேண்டும்; யாரிடமிருந்து பெற்றோம் என்று அவர் சொல்லவில்லை. இடையில் உள்ளவரை மறைத்து, தாமே நேரில் கேட்டது போல் அறிவிப்பதை முஹத்திஸ்கள் 'தத்லீஸ்' என்பர். அவ்வாறு செய்பவர் 'முதல்லிஸ்'. அவருடைய எல்லாச் செய்தியும் தள்ளப்படுவதில்லை. நேரில் கண்டதாகத் தெளிவாகத் தெரிபவை ஏற்கப்படும், மற்றவை ஆராயப்படும். கௌதாரியையும் காடையையும் பொறுத்தவரை சொன்னெரா ஏற்கத் தகுந்தவர். அவை இன்றும் நம் வயல்களில் அவர் எழுதியபடியே உள்ளன. பெங்குவின் விவகாரத்தில் அவர் முதல்லிஸ். விந்தை யாதெனில், பெயர் சூட்டலில் முந்தியதை மாற்றுவதில்லை என்ற விதியால், நியூ கினியில் இல்லாத அந்த மீன்கொத்தி இன்றும் நியூ கினியின் பெயரையும், அந்தப் பெங்குவின்களில் ஒன்று பப்புவாவின் பெயரையும் சுமந்து திரிகின்றன.

இன்னொரு குறையும் உண்டு. அது சொன்னெராவுக்கு மட்டும் உரியதன்று. கௌதாரியைக் கண்ணி வைத்துப் பிடித்தவர் யார்? காடையின் குரலைப் போலக் கூவி அதை வலைக்குள் வரவழைத்தவர் யார்? வெள்ளைக்காரர் ஒருவர் தோட்டத்து வாசலில் வந்து கேட்டபோது, இது ஆண், இது பெட்டை, இது மழைக்குப் பின் கூவும் என்று சொல்லிக் கொடுத்தவர் யார்? நூலில் அவர்களுக்குப் பெயரில்லை. ஸனதில் "ஒரு மனிதர்" என்று மட்டும் குறிப்பிடப்படும் அறிவிப்பாளரை 'முப்ஹம்' என்பர். பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட நம் பறவை வரலாற்றின் முதல் கண்ணி இத்தகைய முப்ஹம்களால் ஆனது. நரிக்குறவரும் இருளரும் பறவை பிடிக்கும் பிற மக்களும் தலைமுறையாகக் காத்த அறிவு அது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அவர்களில் பலருடைய தொழில் குற்றமாயிற்று. சட்டம் தேவையானதே, ஆனால் அவர்கள் அறிந்ததை எழுதிக்கொள்ள அப்போது பலருக்குத் தோன்றவில்லை.

புதுவையோடு பெயர் பிணைந்த இன்னொரு பறவையின் கதை நம்மைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறது. 1816-இல் லெஷெனோ தெ லா தூர் என்னும் இயற்கையியலாளர் பிரெஞ்சு அரசால் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டார். இங்கிருந்து சென்ற கடற்கரைப் பறவை ஒன்றை 1826-இல் லெஸோன் என்பவர் வருணித்து, லெஷெனோவின் பெயரைச் சூட்டினார். உப்புக்கொத்தி இனத்தில் அலகு தடித்த, மணலில் ஓடி ஓடி இரை தேடும் பறவை அது. துருக்கி, சிரியா, ஜோர்தான் முதல் மங்கோலியா வரையிலான வறண்ட நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடற்கரைகளுக்கு வரும். கீழைப் பகுதியில் பிறந்தவையே நம் கடற்கரைக்கு வருகின்றன. மேலைப் பகுதியினவற்றில் ஒரு பகுதி மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலும் செங்கடற்கரையிலும் குளிரைக் கழிக்கின்றன. ஓரினத்தின் இரு கிளைகள், இரு கடற்கரைகள். அதன் முதல் வருணனைக்கு இடம் தந்தது நம் ஊர் மணல்.

அந்த மணலை இன்று கடற்கரைச் சாலையில் தேட வேண்டியிருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. நகரை ஒட்டிய கரை அரிக்கப்பட்டு, கருங்கற்கள் கொட்டப்பட்டன. நம் இளமையில் அஸருக்குப் பின் கால் பதித்து நடந்த மணற்பரப்பு கல் மேடாயிற்று. 2018-ஐ ஒட்டிக் கடலடியில் அமைக்கப்பட்ட தடுப்பால் தலைமைச் செயலகத்தின் எதிரே மணல் ஓரளவு திரும்பியது. ஆனால் அங்கே விடியலிலிருந்தே மக்கள் கூட்டம், உப்புக்கொத்திக்கு இடமில்லை.

தமிழரிடம் இப்பருவ அறிவு இல்லாமலில்லை. வலசை என்ற சொல் நம்முடையது. புதிதாக வந்ததைச் சுட்டும் 'வம்ப' என்னும் அடையைச் சங்கப் புலவர் நாரைக்கு இட்டனர். 'கவாத்திஉ' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல்லை நாம் காணவில்லை. சத்திமுற்றப் புலவர் செங்கால் நாரையைத் தூது விட்ட பாடலைப் பள்ளியில் எல்லாரும் படித்திருக்கிறோம். வறுமையின் பாட்டாகவே அதைக் கற்பிக்கின்றனர். நாரை துணையோடு தென்குமரிக்கு வந்து மீண்டும் வடதிசைக்கு ஏகும் என்ற செய்தி, ஆண்டுதோறும் பார்த்தவர்க்கே தெரியக்கூடிய ஒன்று. அதைப் பாடத்தில் யாரும் சுட்டிக்காட்டிய நினைவில்லை.

இதே செங்கால் நாரைதான் மத்தியதரைக் கடல் நாடுகளில் வீட்டுக் கூரைகளிலும் மினாராக்களிலும் கூடு கட்டுகிறது. அரபியில் 'லக்லக்'. குளிர் வருமுன் அவை கூட்டமாக எழுந்து பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து ஷாம், ஸினாய் வழியே தெற்கே செல்வதைக் கண்ட துருக்கியர், அவை மக்காவுக்குச் செல்கின்றன என்று கருதி 'ஹாஜி' என்று அடைமொழி தந்தனர். இடம் தவறு, திசை சரி. அதே காலத்தில் வட ஐரோப்பாவில், தகைவிலான்கள் ஏரியின் உறைபனிக்கு அடியில் கொத்தாகத் துயில்கின்றன என்று ஆயர் ஒலாஸ் மாக்னஸ் 1555-இல் எழுதினார். ஹாஜி நாரை என்ற எளிய மக்களின் நம்பிக்கை அந்த அறிஞரின் நூலை விட உண்மைக்கு அருகில் இருந்தது. 1822-இல் ஜெர்மனியின் க்லுட்ஸ் என்னும் ஊரருகே வந்திறங்கிய நாரையொன்றின் கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு ஒன்று ஊடுருவி நின்றது. எங்கே சென்று வந்தது என்பதற்கு அந்தப் பறவையே சாட்சியாயிற்று.

1899-இல் டென்மார்க்கின் மோர்ட்டென்சன் என்னும் ஆசிரியர் மைனா இனத்துப் பறவைகளின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். நமக்கு இது இஸ்னாத்தை நினைவூட்டுகிறது. எங்கே, எந்த நாளில், யாரால் பிடிக்கப்பட்டது. எங்கே, எந்த நாளில், யாரால் மீண்டும் காணப்பட்டது. இரு முனையிலும் பெயருள்ள சாட்சி. இடையில் கற்பனைக்கு இடமில்லை. இந்தியாவில் இம்முறையைப் பெரிய அளவில் நடத்தியவர் ஸாலிம் அலீ (1896–1987). பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியாக 1960-களில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையமிடப்பட்டது. நம் கடற்கரையின் தென்பகுதியான கோடியக்கரை அப்பணியின் முதன்மையான நிலையங்களில் ஒன்றாயிற்று.

ஸாலிம் அலீ பறவையியலுக்கு வந்த வழியை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் (1985) கூறியுள்ளார். சிறுவராக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்ததால், இது வழக்கமான சிட்டுத்தானா, முஸ்லிமாகிய தாம் இதை உண்ணலாமா என்ற ஐயம் எழுந்தது. மாமா அமீருத்தீன் தய்யிப்ஜியிடம் கொண்டு போனார். அவருக்கும் தெரியவில்லை, இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பி வைத்தார். மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பெட்டி பெட்டியாகப் பதப்படுத்திய பறவைகளைத் திறந்து காட்டினார். ஹலால் குறித்த ஒரு கேள்வி அச்சிறுவரை அங்கே கொண்டு சேர்த்தது. இதைப் படித்தபோது பாகூர்ப் பக்கத்து மாணவரின் முகம் நம் நினைவில் வந்தது. மாமா செய்த ஒன்றை நாம் இருபது ஆண்டுகளாகச் செய்யவில்லை: 'ஒரு வகைச் சிட்டு' என்று சொல்லி அவர் பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் தன் சூழலியல் பள்ளிக்கு ஸாலிம் அலீயின் பெயரைச் சூட்டியது. முல்லா வீதியிலிருந்து அரை மணிப் பயணத்தில் உள்ள அவ்விடத்திற்கு நாம் முதன்முதலில் சென்றது அண்மையில்தான்.

அதன் பிறகு, விடுமுறை நாட்களில் ஸுப்ஹு தொழுததும் மாணவர் சிலருடன் ஊசுட்டேரிக்குச் செல்லத் தொடங்கினோம். நகரிலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர். ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்பு. ஒரு பாதி புதுவையிலும் மறு பாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியே நீர் வரும். புதுவை அரசு 2008-இல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடும் பின்னர் தன் பகுதியை அறிவித்தது. பறவைக்கு எல்லைக்கல் தெரியாது என்று பேச்சாளர்கள் சொல்வர். அலுவலர்களுக்குத் தெரியும் என்பதால் இரண்டு அறிவிப்புகள் தேவைப்பட்டன. வடக்கே மரக்காணம் பக்கத்துக் கழுவெளி 2021-இல் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

மத்தியதரைக் கடலோரத்தில் இருப்பவர்க்கு வசந்தமும் இலையுதிர்காலமும் கடந்து செல்லும் பறவைகளின் காலம். குர்துபா நாட்காட்டியில் அது தெரிகிறது. நம் ஏரியில் ஆண்டு வேறு விதமாகச் சுழல்கிறது. புரட்டாசியில் கீச்சானும் தகைவிலானும் முதலில் வருகின்றன. தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருப்பதைக் கண்டால் வடகிழக்குப் பருவமழை அருகில் என்று கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் இறங்குகின்றன. தையில் கூட்டம் உச்சம். நீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கும் மாசி, பங்குனியில் நீண்ட கால்களையுடைய உள்ளான்களும் நாரைகளும் ஓரம் தேடி வருகின்றன. சித்திரை வெயிலில் ஏரி அவாபித் பறவைகளிடம் திரும்புகிறது: கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி.

அறுவடைக் காலத்து மாலைகளில் சூறைக்குருவிகள் வரும். இளஞ்சிவப்பு உடலும் கருந்தலையும் கொண்ட இப்பறவை மேகம் போலத் திரண்டு பறந்து மரங்களில் அடையும். கிழக்கு ஐரோப்பா முதல் நடு ஆசியா வரை, வெட்டுக்கிளி பெருகும் நிலங்களில் இது குஞ்சு பொரிப்பது. சிரியா மக்கள் இதை 'ஸமர்மர்' என்று அழைத்தனர். வெட்டுக்கிளிகள் வயலில் இறங்கினால், குறிப்பிட்ட ஓர் ஊற்றின் நீரைத் தரையில் வைக்காமல் கொண்டுவந்து தொங்கவிட்டால் ஸமர்மர் தேடி வந்து அவற்றைத் தின்று தீர்க்கும் என்று நம்பினர். நீரின் மகிமை நம்பிக்கை சார்ந்தது. பறவை வெட்டுக்கிளியைத் தின்பது கண்டறிந்த உண்மை. அலெப்போவின் உழவர் வானை நோக்கிக் காத்திருந்த அதே பறவை, தை மாதத்தில் நம் ஊர் ஆலமரத்தில் இரைச்சலிடுகிறது. நம்மவர் பலர் அதைக் காக்கைச் சத்தம் என்று எண்ணிக் கடந்து செல்கின்றனர். நாமும் அவ்வாறே சென்றவர்கள்.

ஏரிக்கும் குறைவில்லாத் தொல்லைகள் உண்டு. கரையோரம் மனைகள் பெருகுகின்றன. கழிவுநீர் சேர்கிறது. வலை வீசிப் பறவை பிடிப்போரும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. ஹுத்ஹுத், ஸுரத் ஆகியவற்றைக் கொல்லக் கூடாது என்ற நபிமொழியை மனனமாக ஒப்பிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலரும் கவண் வைத்திருக்கின்றனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களிடம் கேட்டால், ஸுரத் என்றால் ஒரு வகைப் பறவை என்பார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்.

இப்போது வகுப்பில் ஒரு நீளமான குறிப்பேடு இருக்கிறது. முதல் பக்கத்தில் மாணவர்களே கோடிட்டு நான்கு பத்திகள் வரைந்திருக்கிறார்கள்: பறவை, இடம், நாள், கண்டவர். பிறை மாதத்தையும் தமிழ் மாதத்தையும் இரண்டையும் எழுத வேண்டும் என்பது விதி. 'யாரோ சொன்னார்' என்று எழுதினால் அடித்துவிடுகிறோம். சொன்னவர் பெயர் வேண்டும், அவர் மாடு மேய்ப்பவராயினும் சரி, வலைஞராயினும் சரி. சென்ற புரட்டாசியில் பாகூர்ப் பக்கத்து மாணவரின் தம்பி, இப்போது அவரும் நம்மிடம் ஓதுகிறார், ஏரிக்கரை வேலமரத்தில் பழுப்புக் கீச்சான் ஒன்றைக் கண்டு எழுதினார். சென்ற ஆண்டும் அதே மரத்தில்தான் கண்டதாகவும், அப்போது உடனிருந்தவர் பாட்டனார் என்றும் பக்கத்தில் சேர்த்தார். கீச்சான் முந்தைய ஆண்டு தங்கிய இடத்திற்கே திரும்புவதுண்டு என்று பறவையியல் நூல்கள் கூறுகின்றன. பாட்டனாரின் பெயரையும் எழுதச் சொன்னோம். அவர் எழுதினார், பிறகு, பாட்டனார் இதைக் கீச்சான் என்று சொல்வதில்லை, வேறு பெயர் சொல்வார், அதைக் கேட்டு வந்து எழுதட்டுமா, ஹஜ்ரத் என்றார். அந்தப் பத்தியில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.